மார்பக அறுவைக்குப் பிறகு வாங்கிய பிராக்களும் செயற்கை மார்பகங்களும்: எது உழைத்தது, எது உறுத்தியது

மார்பகத்தை அகற்றிய பிறகு போடும் பிரா, அதற்குள் வைக்கும் செயற்கை மார்பகம், இவற்றை விற்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒரே விஷயம்தான்: வெளியே யாருக்கும் தெரியாது. உண்மைதான், தெரியாது. மலிவானதைப் போட்டாலும் தெரியாது, கடையிலேயே விலை கூடியதைப் போட்டாலும் தெரியாது, சட்டைக்கு மேலே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அப்படி இருக்கும்போது அதை வைத்து மார்க் போடுவதில் அர்த்தம் இல்லை என்பது என் கட்சி. மத்தியானத்துக்கு மேல், வியர்த்து, கை லேசாகக் கனத்து, இதை எப்போது கழற்றி எறியலாம் என்று தோன்றும் நேரத்தில் அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்கில் எழுதியது.

என் நிலவரத்தைச் சொன்னால்தான் உங்களுக்கு எது பொருந்தும் என்று புரியும். மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்கம் முழுதாக எடுத்தாகிவிட்டது, அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள், அப்புறம் கீமோ, ரேடியேஷன். மறுசீரமைப்பு அறுவை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கும், இரண்டு பக்கமும் எடுத்தவர்களுக்கும் நான் சொல்வதில் பாதிதான் பொருந்தும்.

பொருளுக்குப் போவதற்கு முன் ஒன்று. அக்குள் முடிச்சுகளை எடுக்கும்போது அந்த வழியாக மேல்கைக்குப் போகும் உணர்வு நரம்பு அறுபடலாம், இல்லையென்றால் இழுபட்டு அடிபடலாம். அதனால் அக்குளும் மேல்கையின் உட்பக்கமும், பலருக்கு மார்பின் ஓரமும் மரத்துப்போகின்றன. சிலருக்குச் சில மாதங்களில் கொஞ்சம் உணர்வு திரும்பும், சிலருக்குத் திரும்புவதே இல்லை. பிரா வாங்குகிறவருக்கு இதில் என்ன என்றால், சாதாரணமாக ஒரு தையல் உரசினால் உடம்பு உடனே சொல்லிவிடும், நாம் இழுத்துச் சரிசெய்துவிடுவோம். மரத்துப்போன இடம் சொல்லாது. மாலையில் கழற்றும்போதுதான் சிவந்த கோடு தெரியும், சில நேரம் தோலே உரிந்திருக்கும். முடிச்சு எடுத்த பக்கத்தில் தோல் உரிவது சின்ன விஷயம் இல்லை, அதன் வழியாகக் கிருமி போனால் அந்தக் கையில் வீக்கம் வர அதுவே காரணமாகிவிடலாம். ஆகவே புது பிரா எதுவாக இருந்தாலும் முதல் தடவை ஓரிரு மணி நேரம் போட்டுக் கழற்றி, கண்ணாடியில் அக்குளைப் பாருங்கள். 'நன்றாகத்தான் இருக்கிறது, உறுத்தவே இல்லை' என்பதை நம்ப வேண்டாம். மரத்த தோல் எதுவும் உறுத்தவில்லை என்றுதான் சொல்லும்.

சரி, முதலில் வாங்க வைப்பது ட்ரெயின் (காயத்தில் சேரும் நீரை வெளியே எடுக்கும் குழாய்) வைக்கப் பை தைத்த உள்சட்டை. அறுவை முடிந்து வரும்போது மார்பிலிருந்து ஒரு குழாயோ இரண்டு குழாய்களோ வெளியே வந்து, நுனியில் பிளாஸ்டிக் குமிழ் தொங்கும். அதில் சேரும் நீரை அளந்து எழுதிவைக்கச் சொல்வார்கள், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் குழாயை எடுத்துவிடுவார்கள் (மருத்துவருக்கு மருத்துவர் அந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்). குமிழ் நிரம்ப நிரம்பக் கனத்து, குழாய் தோலைவிட்டு வெளியே வரும் இடத்தில் போட்ட தையலை இழுக்கும், அந்த இழுப்புதான் முதல் நாட்களில் உயிரை எடுப்பது. உள்சட்டையில் வயிற்றுப் பக்கம் பை வைத்திருப்பது நல்ல யோசனை, ஐந்துக்கு ஐந்து. ஆனால் நான் வாங்கியதில் பையை வெல்க்ரோவால் ஒட்டியிருந்தார்கள், அந்த வெல்க்ரோவின் முரட்டு ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு வயிற்றைப் பிறாண்டியது, இரண்டு சலவைக்குப் பிறகு பிடிப்பும் போய்விட்டது. இது சில வாரமே தேவைப்படும் பொருள். முன்னால் பட்டன் வைத்த தொளதொள பருத்திச் சட்டை ஒன்றில் உட்பக்கம் இரண்டு பை தைத்துக் கொடுக்க வீட்டில் யாராவது இருந்தால் அதுவே போதும், இதற்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம் என்பேன். ஈரம் படலாம் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகு, குளிக்கும்போது குமிழைத் தாங்க கழுத்தில் ஒரு நாடாவைக் கட்டி அதில் மாட்டிக்கொள்ளலாம்.

குழாயை எடுத்த பிறகும் அந்த இடத்தில் நீர் சேர்ந்து புடைக்கலாம், செரோமா என்பார்கள், அதிகமானால் ஊசி வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். அது வற்றும்வரை நீங்கள் எடுக்கும் எந்த அளவும் நிலைக்காது, அதனால் அந்தச் சமயத்தில் அளவெடுத்துப் பெரிய செலவு எதுவும் செய்ய வேண்டாம்.

அடுத்தது பிரா. முன்பக்கம் ஹூக் வைத்தது வாங்குங்கள் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்வார்கள், ஆரம்பத்துக்கு அது சரிதான், கையைப் பின்னால் கொண்டுபோகவே முடியாது, அக்குளிலிருந்து முழங்கை வரைக்கும் கயிறு கட்டி இழுத்ததுபோல் ஒரு நரம்பு விறைத்து நிற்கும் சிலருக்கு. (அது நரம்பு இல்லை, நிணநீர்க் குழாய்கள் தடித்துப் போவதுதான் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். பயிற்சி செய்யச் செய்ய பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும்.) ஆனால் முன் ஹூக்கில் ஒரு குறை இருக்கிறது, அதை எந்த விற்பனையாளரும் சொல்லி நான் கேட்கவில்லை. பெரும்பாலானவற்றில் ஹூக் வரிசை ஒன்றே ஒன்றுதான். பின்பக்க ஹூக் என்றால் மூன்று நான்கு வரிசை இருக்கும், காலையில் ஒரு வரிசை, மாலையில் மார்பு வீங்கி இறுகினால் அடுத்த வரிசை என்று தளர்த்திக்கொள்ளலாம். முன் ஹூக்கில் அது நடக்காது, இறுகினால் இறுகினதுதான். கை ஓரளவு தூக்க வந்தவுடன் நான் பின் ஹூக்குக்கு மாறிவிட்டேன். ஹூக்கை முன்னால் கொண்டுவந்து மாட்டி, அப்புறம் பிராவைச் சுற்றிப் பின்னால் தள்ளி, ஸ்ட்ராப்பைத் தோளில் ஏற்றினால் போதும். அறுவை நடந்த பக்கத்துக் கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும்.

நல்ல பிரா என்று நான் வைத்துக்கொண்டதற்கும் தூக்கி மூலையில் போட்டதற்கும் வித்தியாசம் துணியின் மென்மை இல்லை, எல்லாமே மென்மையாகத்தான் இருந்தன. பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே வரும் துணி எவ்வளவு உயரம் என்பதுதான் முதல் விஷயம். குட்டையாக இருந்தால் தழும்பின் ஓரத்தில் தங்கிவிட்ட சதை மேலே பிதுங்கி ஓரப்பட்டை அதற்குள் புதையும், ரொம்ப உயரமாக இருந்தால் அக்குளுக்குள் ஏறி உரசும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது உங்கள் உடம்பில் எங்கே என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும், அளவு அட்டவணை அதைச் சொல்லாது. ஸ்ட்ராப் அகலமாக இருக்க வேண்டும், ஒல்லி ஸ்ட்ராப் தோளில் பள்ளம் விழவைக்கும், முடிச்சு எடுத்த பக்கத்தில் அந்த அழுத்தம் நல்லதில்லை. உள்ளே கம்பி வேண்டவே வேண்டாம், குறைந்தபட்சம் முதல் மாதங்களில். அப்புறம் பாக்கெட். செயற்கை மார்பகத்தைச் செருகும் உள்பை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். என்னிடம் இருந்த ஒன்றில் வாய் அக்குள் பக்கம் அகலமாகத் திறந்திருந்தது, குனிந்து எதையாவது எடுத்தால் உள்ளே இருப்பது அந்தப் பக்கமாக நழுவி வரும். மார்பின் நடுவெலும்புப் பக்கம் திறப்பு இருப்பது எனக்குச் சரியாக வந்தது. பாக்கெட்டின் துணி பருத்தியாக இருப்பதும் அவசியம், வெளியே லேஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே தழும்பில் படுவது அதுதான்.

ஏற்கெனவே இருக்கும் பிராவிலேயே பாக்கெட் தைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கப் முழுதாக மூடுவதாக, கம்பி இல்லாததாக இருந்தால், உட்பக்கம் ஒரு மெல்லிய பருத்தித் துணியை வளைவாக வெட்டித் தைத்தால் முடிந்தது. கடையில் விற்கும் பாக்கெட் பிராவில் பாதி அதைவிட மேலானதில்லை.

செயற்கை மார்பகத்தில் முதலில் கிடைப்பது பஞ்சு வகை, உள்ளே இழையோ ஃபோமோ வைத்து மேலே துணி போட்டது. காயம் ஆறும் காலத்திலேயே இதை வைத்துக்கொள்ளலாம், எடையே இருக்காது. அந்த எடை இல்லாததுதான் இதன் வரமும் சாபமும். மறுபக்கம் கனம் இருக்க இந்தப் பக்கம் காற்றுபோல இருப்பதால், நடக்க நடக்க பிரா இந்தப் பக்கம் மட்டும் மேலே ஏறும். கழுத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும், நாள் முழுக்க இழுத்து இழுத்து விட வேண்டியிருக்கும். பெரிய மார்பு உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். இதற்கு எளிய வழி உண்டு, திரைச்சீலை ஓரத்தில் தைக்கும் சிறிய எடைத்துண்டு மாதிரி ஏதாவதைத் துணியில் சுற்றி, பஞ்சு உறையின் அடிப்பக்கம் வைத்துத் தைத்துவிடலாம். சில தயாரிப்பாளர்களே பின்னால் திறப்பு வைத்து எடை சேர்க்க இடம் விடுகிறார்கள், பஞ்சைக் கூட்டிக் குறைக்கவும் அது வசதி, அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்கலாம்.

இதே வகையில் நூலால் பின்னிய செயற்கை மார்பகங்கள் இருக்கின்றன, பல நாடுகளில் தன்னார்வலர்கள் பின்னி இலவசமாகவே கொடுக்கிறார்கள், பின்னத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் பின்னிக் கொடுத்ததை நான் அவ்வளவு எதிர்பார்ப்பு இல்லாமல்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது வீட்டில் யாராவது வருவதாக இருந்தால் என் கை முதலில் போவது அதற்குத்தான். வியர்வையை உறிஞ்சும், தோலில் ஒட்டாது, பஞ்சை எடுத்துவிட்டு உறையைத் துவைத்துக் காயப் போடலாம். ஏறும் தொல்லை இதிலும் உண்டு, அதே எடை வைத்தியம்தான்.

இப்போது சிலிக்கோன். காயம் நன்றாக ஆறி, வீக்கம் வற்றிய பிறகுதான் இதற்கு வர வேண்டும், பொதுவாக அறுவைக்குப் பிறகு 6 முதல் 8 வாரம் என்பார்கள், ரேடியேஷன் இருந்தால் தோல் அடங்கும்வரை இன்னும் தள்ளிப்போகும். மெல்லிய பாலியூரித்தேன் உறைக்குள் சிலிக்கோன் ஜெல், அவ்வளவுதான் பொருள். கையில் எடுத்தால் பலருக்கும் கனமாகத் தோன்றும், பிராவுக்குள் போனதும் அந்தக் கனம் குறைந்ததுபோல் இருக்கும், பிராவும் ஏறாமல் அதன் இடத்தில் நிற்கும். காலையில் போடும்போது சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். வந்த சூடு போகாது. பின்பக்கம் வியர்த்து, மரத்துப்போன தோலில் ஈரம் தேங்கி நிற்கிறது. பின்பக்கம் குளிர்ச்சிப் படலம் வைத்ததாகச் சொல்லி ஒன்று விற்றார்கள், அது முதல் ஒரு மணி நேரத்துக்கு வேலை செய்தது என்பேன், அதற்கு மேல் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பின்பக்கம் பள்ளமாகவோ வரிவரியாகவோ இருந்து காற்றுக்குக் கொஞ்சம் இடம் விடுவது அதைவிட உபயோகம்.

எடை குறைந்த சிலிக்கோனும் இருக்கிறது. கை வீக்கம் உள்ளவர்களும் தோள்வலி உள்ளவர்களும் அதைத்தான் பார்க்க வேண்டும். நான் சாதாரண எடையில் ஒன்றை வைத்துக்கொண்டு தோள் வலியில் கிடந்தேன், பிறகு லேசானதற்கு மாறியதும் ஸ்ட்ராப் அழுத்தம் நிஜமாகவே குறைந்தது.

வடிவத்தில் கவனிக்க வேண்டியது இடது வலது. சிலது இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக முக்கோணமாகவோ நீர்த்துளி வடிவிலோ வரும், சிலது அக்குள் பக்கம் நீண்டு ஒரு பக்கத்துக்கென்றே செய்தது. முடிச்சோடு சேர்த்து அக்குள் பக்கத்துச் சதையும் போனவர்களுக்கு அந்த நீட்சி தேவைப்படும். இடது வலது வேறுபாடே ஒரு காலத்தில் இல்லாமல் இருந்திருக்கிறது. 1959-ல் பார்பி பொம்மையைக் கொண்டுவந்த ரூத் ஹேண்ட்லருக்கு 1970-ல் மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு மார்பகத்தை எடுத்தார்கள். கடையில் கிடைத்தது எதுவும் பிடிக்காமல் அவரே ஒரு கைவினைஞரோடு சேர்ந்து இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று செய்து, 'நியர்லி மீ' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். அமெரிக்க அதிபரின் மனைவியாக இருந்த பெட்டி ஃபோர்டும் அவரிடம் பொருத்திக்கொண்டவர்களில் ஒருவர். பொம்மைக்கு அளவெடுத்தவர் கடைசியில் தனக்கு அளவெடுத்தார் என்று கிண்டலாகச் சொல்லலாம், ஆனால் அனுபவிப்பவரே செய்தால் என்ன மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சிலிக்கோனைப் பராமரிப்பதில் பெரிய வித்தை இல்லை. தினமும் மிதமான சோப்பில் கையால் கழுவி, துடைத்து, அது வந்த குழிப்பெட்டியிலேயே வைக்க வேண்டும், மேஜை மேல் அப்படியே வைத்தால் நாளாக ஆக வடிவம் கெடும். ஊக்கு, ப்ரூச், நகம், பூனை இந்த நான்கும் எதிரிகள். சின்ன ஓட்டை விழுந்தால் தற்காலிகமாக டேப் ஒட்டி ஓட்டலாம், ஆனால் அது முடிவுக்கு வந்துவிட்டது என்றே அர்த்தம். இரண்டு வருடம் போல உழைத்தால் நல்ல பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீமோ சமயத்தில் உடம்பு எடை ஏறி இறங்கும், மறுபக்கம் அளவு மாறினால் இதுவும் மாற வேண்டியதுதான்.

பொருத்தும் சேவையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கோபம் இருக்கிறது. நான் போன ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) கவுன்டரில் நின்ற பெண் நாலு பேர் முன்னால், "எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டுவிட்டு, சட்டைக்கு மேலேயே டேப்பைச் சுற்றி அளவு சொன்னார். உள்ளே தனி அறை கேட்டதற்கு சரக்கு வைக்கும் இடத்தைக் காட்டினார். எடை இல்லாவிட்டால் முதுகெலும்பு வளைந்துவிடும் என்று பயம் காட்டி அவர் எடுத்து நீட்டியது அங்கே இருந்ததிலேயே விலை கூடியது. மார்பு பெரிதாக இருந்தால் ஒரு பக்கம் கனமாக இருப்பது தோளிலும் கழுத்திலும் தெரியும், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் சிறிய மார்பு உள்ளவருக்கும் அதே பயத்தைக் காட்டுவது வியாபாரம். வலி இருந்தால் பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள், கவுன்டரைக் கேட்க வேண்டாம்.

இன்னொரு இடத்தில் வேறு மாதிரி. தாழ்ப்பாள் போட்ட அறை, நல்ல வெளிச்சம், பொருத்தியவர் தழும்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்த ஓரம் மரத்திருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே அவரிடம் வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். போட்டுப் பார்த்ததும் குனியச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், உட்கார்ந்து எழச் சொன்னார், நான் கொண்டுபோயிருந்த இறுக்கமான மேல்சட்டையைப் போட்டுப் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். முதலில் பிரா, அதற்குப் பிறகுதான் அதற்குள் வைப்பது, இந்த வரிசையை அவர் மாற்றவே இல்லை. பிரா சரியில்லாமல் எந்த செயற்கை மார்பகத்தையும் பொருத்த முடியாது என்பது அங்கேதான் உறைத்தது. போவதற்கு முன் போன் செய்து, தனி அறை இருக்கிறதா, பயிற்சி எடுத்த பெண் பொருத்துபவர் எந்த நேரம் இருப்பார், போட்டுப் பார்த்து வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிடுங்கள். இணையத்தில் வாங்கினால் பலரும் சுகாதாரம் என்று சொல்லித் திருப்பி எடுப்பதில்லை. காப்பீடு இருந்தால் மருத்துவர் சீட்டோடு செயற்கை மார்பகத்துக்கும் பிராவுக்கும் பணம் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரிப்பதும் நல்லது.

அந்த முதல் கடையில் கை வீக்கத்துக்கான இறுக்க உறையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், 'முன்னெச்சரிக்கைக்கு' என்று. கடை அலமாரியில் இருக்கும் அளவில் அதை வாங்கவே கூடாது. மணிக்கட்டு, முழங்கை, மேல்கை என்று பல இடத்தில் அளவெடுத்து, எவ்வளவு அழுத்தம் என்று சிகிச்சையாளர் சொன்ன பிறகு வாங்குவது அது. பொருந்தாத உறை மேலே நெருக்கி, நீரை உள்ளங்கைக்கும் விரலுக்கும் தள்ளிவிடும்.

எதுவுமே வைக்காமல் இருப்பதும் ஒரு வழி, அதையும் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு விற்பனைக்காரர்கள் எழுதியதுபோல் ஆகிவிடும். வீட்டில் நான் பெரும்பாலும் எதையும் போடுவதில்லை. இரண்டு பக்கமும் எடுத்தவர்கள் பலர் முற்றிலும் தட்டையாகவே இருந்துகொள்கிறார்கள், எடைச் சமன்பாடு என்ற பிரச்சினையே அவர்களுக்கு இல்லை. கட்டி மட்டும் எடுத்துக் கொஞ்சம் பள்ளம் விழுந்தவர்களுக்கு முழு செயற்கை மார்பகம் தேவையில்லை, பள்ளத்தை மட்டும் நிரப்பும் மெல்லிய சிலிக்கோன் ஓடு கிடைக்கிறது.

தோலிலேயே ஒட்டிக்கொள்ளும் வகையை ஆர்வத்தில் வாங்கினேன், பிரா ஏறும் தொல்லையே இருக்காது என்றார்கள். ரேடியேஷன் பட்ட தோலில் அதை ஒட்டுவதற்கு என் மருத்துவர் நெடுநாள் அனுமதி தரவில்லை, தந்த பிறகு ஒட்டிப் பார்த்தால் வியர்வையில் ஓரம் கிளம்பிவிடுகிறது, தினமும் பசையைக் கழுவிக் காயவைக்கும் வேலை வேறு. வெயில் இல்லாத இடத்தில் இருப்பவர்கள், தோல் முரண்டு பிடிக்காதவர்கள் பார்க்கலாம். நீச்சலுக்குத் தனியாக ஒன்று இருக்கிறது, ஒளி ஊடுருவும், நீர் தேங்காமல் ஓரங்கள் வழியாக வடிந்து வெளியேறும். குளோரின் தண்ணீரில் வழக்கமான சிலிக்கோனைப் போட்டு இறங்கினால் அது சீக்கிரம் போய்விடும், அதனால் நீந்துகிறவர்கள் இதை வாங்குவது கணக்கில் லாபம், நீரிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். நான் நீந்துவதில்லை, கடையில் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி.